412.50 என்பது 412-ஆ, 413-ஆ? பைத்தானில் தசம எண்களை அச்சிடும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்குச் சீட்டுப் போடும் நிரலை எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் வாரத்திலேயே அழைப்பு வந்தது. கடைசிக் கூடையில் மிஞ்சிய 12.5 கிலோவுக்கு, கிலோ 33 ரூபாய் வீதம் 412.50 வர வேண்டிய விவசாயிக்கு 412 என்று சீட்டு வந்திருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் அதே 12.5 கிலோதான், அவர் சரக்கு கிலோ 35 ரூபாய்க்குப் போயிருந்ததால் 437.50, அவருடைய சீட்டிலோ 438. “ஏன் தம்பி, அவருக்கு ஏறுது, எனக்கு எறங்குது, உன் மிசின் ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுமா?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நிரலைத் திறந்து பார்த்தால் பிழை என்று காட்ட ஒரு வரியும் இல்லை. நான் நிரல் எழுதிய பைத்தான் மொழி தன் விதிப்படி சரியாகவே நடந்திருந்தது. அந்த விதி மண்டியின் விதியாக இல்லை.

அதற்குப் பிறகு இதே வகைக் கேள்விகள் வேறு வேறு உருவில் என்னிடம் வந்தன. பென்னாகரம் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், தம் ஊர்ப் பால் சேகரிப்பு மையத்துக்கு எழுதிய நிரலில் காலை 1.1 லிட்டர், மாலை 2.2 லிட்டர் ஊற்றியவருக்கு மொத்தம் 3.3000000000000003 லிட்டர் என்று அச்சாவதைக் காட்டினார். கிருஷ்ணகிரியில் கிரானைட் கல் அளப்பவர் ஒருவர், கன மீட்டரைப் புள்ளிக்குப் பின் மூன்று இடம் காட்ட எது நல்ல வழி என்று கேட்டார். போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளின் இருப்பிடங்களைப் பட்டியலிடும் ஒருவருக்கு வேறொரு தொல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். நால்வரின் கேள்வியும் ஒன்றுதான்: பைத்தானில் தசம எண்ணை அச்சிட இத்தனை வழிகள் இருக்கின்றனவே, எதை எடுப்பது?

எண் எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் வடிவக் குறிகளில் வரும் ஆங்கில எழுத்துகளை இங்கே ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். `.2எஃப்` என்று காணும் இடத்தில், நிரலில் புள்ளி, இரண்டு, அதை அடுத்துச் சிறிய ஆங்கில எஃப் என்று தட்ட வேண்டும்.

## முதலில், இரண்டு வெவ்வேறு நோய்கள்

தசம எண் தவறாக அச்சானால் உடனே ஃப்ளோட்டின் மேல், அதாவது பைத்தான் தசம எண்ணை இயல்பாக வைத்துக்கொள்ளும் வகையின் மேல், பழி போடுவது வழக்கம். ஆனால் மேலே சொன்னவற்றில் மண்டியின் சிக்கலும் பால் மையத்தின் சிக்கலும் ஒரே நோய் அல்ல.

பைத்தானின் ஃப்ளோட், 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரத்தின்படி 64 பிட்டுகளில் எண்ணைச் சேமிக்கிறது. அதில் எண்ணின் உள்ளடக்கத்துக்குக் கிடைப்பது 53 இரும இலக்கங்கள், அதாவது 0, 1 இரண்டை மட்டும் கொண்டு எழுதும் இலக்கங்கள். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வதைப் போல, பத்தில் ஒன்று இருமத்தில் முடிவின்றி நீள்கிறது. எனவே எங்கோ வெட்டியாக வேண்டும். நாம் 2.675 என்று தட்டும்போது உள்ளே உட்காருவது 2.67499999999999982 என்று தொடங்கி நீளும் ஓர் எண். அதை இரண்டு இடத்துக்குச் சுருக்கினால் 2.67 வருவது நியாயமே, ஏனெனில் உள்ளே இருப்பது பாதிக்குச் சற்றுக் கீழே. பால் மையத்தின் 3.3000000000000003 இந்த வகையைச் சேர்ந்தது.

412.5 அப்படிப்பட்டதல்ல. அரை என்பது இருமத்தில் துல்லியமாக எழுதக்கூடிய எண். உள்ளே இருப்பது சரியாக 412.5, மயிரிழைகூடக் கூடுதலோ குறைவோ இல்லை. இங்கே எழும் கேள்வி, சரிபாதியில் நிற்கும் எண்ணை மேலே தள்ளுவதா, கீழே தள்ளுவதா என்பது. பைத்தான் 3, பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். 412 இரட்டை என்பதால் 412.5 இறங்கியது, 438 இரட்டை என்பதால் 437.5 ஏறியது. ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதால் புள்ளியியலாளர்கள் விரும்பும் விதி இது. மண்டி வாசலில் நிற்பவரிடம் இந்த நியாயத்தைச் சொல்லிப் பயனில்லை.

முதல் நோய்க்குக் கொடுக்கும் மருந்து இரண்டாவதைக் குணப்படுத்தாது. கீழே வரும் வழிகளில் சில ஒன்றுக்கு உதவி மற்றொன்றை அப்படியே விட்டுவிடுகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

நான் முதலில் பார்ப்பது, அச்சாகும் எண்ணைப் படிக்கப்போவது மனிதரா, இன்னொரு நிரலா, பணக் கணக்கா என்பதை. அடுத்தது, சரிபாதி வரும்போது எந்த விதி வேண்டும், அந்த விதி என் கையில் இருக்கிறதா என்பது. மூன்றாவது, அச்சான எண்ணைத் திரும்ப உள்ளே படித்தால் அதே எண் கிடைக்க வேண்டுமா என்பது. இவற்றுக்குப் பின்தான் தாளின் அகலமும் காற்புள்ளியும். இந்த வரிசையைத் தலைகீழாக வைத்து, அழகாக அச்சாகிறதா என்பதிலிருந்து தொடங்குபவர்களே பெரும்பாலும் என்னை அழைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

## 1. எதுவும் சொல்லாமல் அப்படியே அச்சிடுவது

வடிவம் எதையும் குறிப்பிடாமல் பிரிண்ட் செய்தால், பைத்தான் 3.2 முதல், திரும்பப் படித்தால் அதே ஃப்ளோட் கிடைக்கக்கூடிய மிகச் சுருக்கமான தசம வடிவத்தைத் தருகிறது. 3.1-க்கு முன், குறைக்காமல் எழுதச் சொன்னால் 17 இலக்கங்கள் வரை காட்டியதால் 0.1 என்பதே 0.10000000000000001 என்று வரும். மிகச் சுருக்கமான வடிவத்தைத் தேடுவது எளிதல்ல. 1990-இல் ஸ்டீல், வைட் இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து 2018-இல் உல்ஃப் ஆடம்ஸ் வெளியிட்ட ரியூ வரை இதற்கென்றே தனி வழிமுறைகள் வந்திருக்கின்றன.

இந்த வழியின் பலம், எதுவும் தொலையாது என்பது. கோப்பில் எழுதி நாளை படிக்கப்போகும் எண்ணுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. மாந்தோப்புப் பட்டியல்காரர் இதை விட்டுவிட்டு, பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று அகலாங்கையும் நெட்டாங்கையும் இரண்டு இடத்துக்குச் சுருக்கிக் கோப்பில் எழுதியிருந்தார். ஒரு பாகை அகலாங்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். இரண்டாவது தசம இடத்தில் முழுமைப்படுத்தினால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் விலக இடமுண்டு. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துத் தோப்புகள் ஒரே புள்ளியில் வந்து விழுந்தன. மூல எண்கள் வேறெங்கும் இல்லாததால் மறுபடி தோப்பு தோப்பாக நடக்க வேண்டியதாயிற்று.

மறைவான செலவு அகலத்தில் இருக்கிறது. 58 மில்லிமீட்டர் வெப்ப அச்சுத் தாளில் ஒரு வரிக்கு வழக்கமாக 32 எழுத்துகளே கொள்ளும், 3.3000000000000003 மட்டுமே அதில் 18 எழுத்துகளைத் தின்றுவிடும். 0.0001-க்குக் கீழ்ப்பட்ட எண்ணும் 1-க்குப் பின் 16 சுழிகளை எட்டும் எண்ணும், பத்தின் அடுக்கைப் பக்கத்தில் எழுதிக் காட்டும் அடுக்குக் குறியீட்டுக்கு மாறிவிடும். எடைக்கருவி 32 பிட் ஃப்ளோட்டாக அனுப்பும் 0.1, பைத்தானில் 0.10000000149011612 என்று நிற்கும்; இது கருவியின் பிழையன்று, குறைந்த பிட்டுகளில் வந்த எண்ணைக் கூடுதல் பிட்டுகளில் வாசித்ததன் விளைவு.

## 2. புள்ளிக்குப் பின் இத்தனை இடம் என்று வரையறுப்பது

பெரும்பாலோர் கையாளும் `.2எஃப்` இதுதான். பழைய சதவீதக் குறி வடிவம், ஃபார்மட் செயற்கூறு, 3.6-இல் வந்த எஃப்-ஸ்டிரிங் ஆகிய மூன்றும் இதை ஒரே மாதிரிதான் செய்கின்றன. புதிதாக எழுதுபவர் எஃப்-ஸ்டிரிங்கை எடுத்துக்கொள்ளலாம், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. 412.5 என்பது 412.50 ஆகிறது, 3.3000000000000003 என்பது 3.30 ஆகிறது, `10.2எஃப்` என்று எழுதினால் பத்து எழுத்து அகலத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கிறது.

மனிதர் படிக்கும் அளவுகளுக்கு இதுவே என் முதல் தேர்வு. பால் மையத்தின் லிட்டருக்கும் கிரானைட்டின் கன மீட்டருக்கும் இதைத்தான் சொன்னேன். சரிபாதியில் நிற்பது ஓர் அளவாக இருந்தால் ஏறினாலும் இறங்கினாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

பணம் என்று வந்தால் இரண்டு நோய்களும் உள்ளேயே இருக்கின்றன. 2.675 இங்கே 2.67 ஆகும், 1.005 இங்கே 1.00 ஆகும், பைசாவை விட்டுவிட `.0எஃப்` என்று எழுதினால் 412.5 இங்கே 412 ஆகும். விதியை மாற்ற இதில் வழியில்லை. இதே எண்ணை இன்னொரு மொழியில் அச்சிட்டால் விடை மாறலாம் என்பது கூடுதல் தலைவலி: 2.5-ஐப் புள்ளியின்றி அச்சிடச் சொன்னால் பைத்தான் 2 என்கிறது, ஜாவாஸ்கிரிப்டின் டூஃபிக்ஸ்ட் 3 என்கிறது. சி மொழியில் விண்டோஸின் பிரிண்ட்எஃப், விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்கு முன் இத்தகைய சரிபாதிகளை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருந்தது; அதன் பின் ஐ.இ.இ.இ. விதிக்கு மாறியது. சீட்டை ஒரு நிரலும் திரையை இன்னொரு நிரலும் காட்டும் கடைகளில் இந்த வேறுபாடு வெளியே தெரியும்.

சிறிய குறை ஒன்றும் உண்டு. நிலுவை –0.001 என்று மிஞ்சியிருந்தால் சீட்டில் –0.00 என்று வரும். சுழிக்கு முன்னால் கழித்தல் குறியைப் பார்த்ததும் கணக்குப்பிள்ளைகள் பதறுவார்கள். பைத்தான் 3.11 முதல் வடிவத்தில் ‘இஸட்’ எழுத்தைச் சேர்த்தால் அந்தக் குறி மறையும்.

தமிழில் சீட்டு அடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல். எண்ணுக்கு அகலம் கொடுப்பது ஒழுங்காக வேலை செய்யும். பெயருக்குக் கொடுப்பது செய்யாது. ‘தக்காளி’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, பைத்தானுக்கோ புள்ளியும் துணைக்காலும் மேல்விலங்கும் தனித்தனி என்பதால் ஏழு. பன்னிரண்டு எழுத்து அகலம் என்று சொன்னால் அது ஐந்து இடைவெளிகளை மட்டும் சேர்க்கும், எண் வரிசை கோணலாகும். எண்ணை இடப்பக்கமும் பெயரை அதன் பின்னும் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

## 3. ஜி, இ வடிவங்கள்

அளவு மிகச் சிறிதாகவோ மிகப் பெரிதாகவோ இருக்கும் ஆய்வக எண்களுக்கு இவை. ஜி வடிவம் வழக்கத்தில் ஆறு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். 1234567 ரூபாயை அதில் அச்சிட்டால் 1.23457-ம் பக்கத்தில் ஓர் அடுக்குக் குறியும் வரும், 567 ரூபாய் 570 ஆகிவிடும். கடைக் கணக்குக்கு இதை எடுக்க எந்தக் காரணமும் இல்லை.

## 4. ரவுண்ட் செய்துவிட்டு அச்சிடுவது

இணையத்தில் அதிகம் பரிந்துரைக்கப்படுவதும், என் மதிப்பில் கடைசியில் நிற்பதும் இதுவே. எத்தனை இடம் என்று சொல்லிக் கேட்டால் ரவுண்ட் செயற்கூறு தருவது மறுபடியும் ஒரு ஃப்ளோட். ஆகவே இரண்டு இடத்துக்குச் சுருக்கிய 412.50 அச்சில் 412.5 என்றுதான் வரும், பின்னால் சுழி நிற்காது. 2.675 இங்கேயும் 2.67. சரிபாதி விதி இங்கேயும் இரட்டைப்படைக்கே. பைத்தான் 2-இல் ரவுண்ட் பாதியை மேலே தள்ளியது, 3-இல் மாறிவிட்டது; பழைய நிரலைப் புதிய கணினிக்கு மாற்றிய கடைகளில் ஒரு ரூபாய் வேறுபாடு திடீரென்று முளைக்க இதுவும் ஒரு காரணம். மண்டியில் நான் செய்திருந்ததும் இதைத்தான்.

கணக்கின் நடுவே உண்மையிலேயே எண்ணைச் சுருக்க வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே ரவுண்டுக்கு வேலை இருக்கிறது. அச்சிடும் வேலைக்கு அது தேவையில்லை.

## 5. டெசிமல்

2004-இல் பைத்தான் 2.4-உடன் வந்த டெசிமல், எண்ணைத் தசமத்திலேயே வைத்துக்கொள்கிறது. வழக்கமான துல்லியம் 28 இலக்கங்கள். 2.675 என்றால் உள்ளேயும் 2.675 மட்டுமே. குவான்டைஸ் என்ற செயற்கூறில் எத்தனை இடம், எந்த விதி என்று இரண்டையும் எழுதிக் கொடுக்கலாம்: பாதியை மேலே, பாதியை இரட்டைக்கு, எப்போதும் கீழே, இப்படி. நோய் இரண்டுக்கும் மருந்து ஒரே புட்டியில் கிடைப்பது இங்கேதான். 1.10 என்று கொடுத்தால் 1.10 என்றே அச்சிடும், கடைசிச் சுழியைத் தின்னாது.

மறைவான செலவுகளும் இங்கேதான் அதிகம். முதலாவது, ஃப்ளோட்டாக இருக்கும் 2.675-ஐ நேரடியாக டெசிமலுக்குக் கொடுத்தால் அந்த 2.67499999... அப்படியே உள்ளே வந்துவிடும். மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே கொடுக்க வேண்டும். இரண்டாவது, விதி எதையும் சொல்லாவிட்டால் இங்கேயும் இரட்டைப்படை விதியே இயல்பு. டெசிமலுக்கு மாறிவிட்டோம் என்ற நிம்மதியில் இதை மறப்பவர்கள் உண்டு. மூன்றாவது, நிரல்களுக்கிடையே தரவு அனுப்பும் வடிவமான ஜேசனுக்குப் பைத்தானோடு வரும் தொகுதி டெசிமலை ஏற்காது, எஸ்கியூலைட் தரவுத்தளமும் நேரடியாக வாங்காது. போகும் வழியெல்லாம் எழுத்தாக மாற்றிக் கொடுக்க வேண்டும். நான்காவது, தேவையற்ற சுழிகளை நீக்க நார்மலைஸ் செய்தால் 100 என்பது அடுக்குக் குறியோடு 1-உம் 2-உமாக வந்து நிற்கும். வேகம் ஃப்ளோட்டைவிடக் குறைவு; ஒரு நாளைக்குச் சில நூறு சீட்டுகள் அடிக்கும் மண்டிக்கு அது ஒரு பொருட்டல்ல.

வரி, தரகு, சதவீதக் கழிவு என்று பின்னங்கள் பின்னிக்கொள்ளும் கணக்குக்கு இதுவே ஏற்றது. ஜி.எஸ்.டி. எடுத்துக்காட்டு: 2017-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வரித்தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்தவும், குறைந்தால் விட்டுவிடவும் சொல்கிறது. சட்டமே விதியைச் சொல்லியிருக்கும்போது, மொழியின் இயல்பு விதியிடம் பொறுப்பை விடக்கூடாது.

## 6. பைசாவை முழு எண்ணாக வைத்துக்கொள்வது

ஃப்ளோட்டையே தொடாத வழி இது. எடையைக் கிராமாகவும் விலையைப் பைசாவாகவும் வைத்துக்கொண்டால் எல்லாம் முழு எண். 12,500 கிராமை 3,300 பைசாவால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 41,250 பைசா. ரூபாய்க்கு முழுமைப்படுத்த 50-ஐக் கூட்டி 100-ஆல் முழு எண் வகுத்தல் செய்தால் 413. அடுத்தவருடைய 43,750-க்கும் அதையே செய்தால் 438. பாதியை மேலே தள்ளும் விதி என் கண்முன்னே, ஒரே வரியில், 50 என்ற எண்ணாக நிற்கிறது. மண்டிக்காரரிடமே காட்டி விளக்கலாம்.

அச்சிடும்போதுதான் கவனம் வேண்டும். ரூபாயையும் பைசாவையும் பிரித்து எழுதும்போது 41,205 பைசா 412.5 என்று அச்சாகிவிடும், பைசாவுக்கு இரண்டு இலக்கம் என்று சொல்லி முன்னால் சுழி வைக்காவிட்டால். ஐந்து பைசா ஐம்பது பைசாவாகப் படிக்கப்படும். எதிர்மறைத் தொகை இன்னும் மோசம்: –150 பைசாவை 100-ஆல் வகுத்தால் பைத்தான் ஈவு –2, மீதி 50 என்று தருகிறது, ஒன்றரை ரூபாய்ப் பாக்கி இரண்டரை ரூபாயாகிவிடும். குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு நேர்மதிப்பைப் பிரிக்க வேண்டும். உள்ளீட்டிலும் ஒரு பள்ளம் உண்டு. 19.99-ஐ நூறால் பெருக்கினால் ஃப்ளோட் தருவது 1998.9999999999998, அதை அப்படியே முழு எண்ணாக வெட்டினால் 1998, ஒரு பைசா நட்டம். எழுத்தாக வாங்கிப் புள்ளியில் பிரிப்பதே பாதுகாப்பு.

## காற்புள்ளி

எந்த வழியை எடுத்தாலும் இது தனி வேலை. வடிவத்தில் காற்புள்ளி சேர்த்தால் பைத்தான் மூன்று மூன்றாகப் பிரித்து 1,234,567.50 என்று எழுதும். நமக்கு வேண்டியது 12,34,567.50. ஊர் வழக்கப்படி எண்களை எழுத உதவும் லோக்கேல் தொகுதி வழியே இந்திய முறையைப் பெறலாம், ஆனால் அது கணினியில் அந்த லோக்கேல் நிறுவப்பட்டிருப்பதைச் சார்ந்தது, நிரல் முழுவதையும் பாதிக்கிறது. கடைசி மூன்று இலக்கங்களை விட்டு மற்றவற்றை இரண்டிரண்டாகப் பிரிக்கும் பத்து வரிச் செயற்கூறை நானே எழுதி வைத்திருக்கிறேன். கோப்பில் எழுதும் எண்ணுக்குக் காற்புள்ளி கூடவே கூடாது.

## அட்டவணையாக

| வழி | யார் படிக்க | சரிபாதி விதி | திரும்பப் படித்தால் | பெரிய மறைசெலவு |
|---|---|---|---|---|
| அப்படியே | நிரல் | தேவைப்படாது | அதே எண் | அகலம் கட்டுப்படாது |
| `.2எஃப்` | மனிதர், அளவுகள் | இரட்டைக்கு, மாற்ற முடியாது | தொலையும் | பணத்தில் ஒரு பைசா, ஒரு ரூபாய் |
| ஜி, இ | ஆய்வகம் | இரட்டைக்கு | தொலையும் | பெரிய தொகை சிதையும் |
| ரவுண்ட் | யாருக்கும் இல்லை | இரட்டைக்கு | தொலையும் | கடைசிச் சுழி போகும் |
| டெசிமல் | வரி, சதவீதப் பணம் | நாம் சொல்வது | அதே எண் | சேமிக்க, அனுப்ப எழுத்தாக மாற்ற வேண்டும் |
| பைசா முழு எண் | எளிய பணக் கணக்கு | நாம் எழுதுவது | அதே எண் | குறியும் சுழியும் நம் பொறுப்பு |

## யாருக்கு எதைச் சொன்னேன்

பால் மையத்துக்கு லிட்டரும் கொழுப்பு அளவும் `எஃப்` வடிவில், தொகை மட்டும் டெசிமலில். கிரானைட் அளப்பவருக்கு `.3எஃப்`, ஆனால் அவர் கல் வாரியாக அச்சிட்ட எண்களின் கூட்டலும் அடியில் அச்சாகும் மொத்தமும் ஒத்துப்போக வேண்டும் என்றார். நூறு ரூபாயை மூவருக்குப் பிரித்து 33.33 என்று மூன்று வரி அச்சிட்டு, அடியில் 100.00 என்று போட்டால், கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பவருக்கு 99.99 வருவது போன்ற சிக்கல் இது. எந்த வடிவக் குறியும் இதைத் தீர்க்காது. ஒவ்வொரு கல்லையும் கன மீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற முழு எண்ணாக முதலில் சுருக்கி, சுருக்கியவற்றையே கூட்ட வேண்டும். மாந்தோப்புக்கு வடிவமே இல்லாமல் அப்படியே கோப்பில். திரையில் காட்டும்போது மட்டும் ஆறு இடம்.

மண்டிக்குப் பைசா முழு எண். தரகு முழுச் சதவீதமாக இருந்ததால் டெசிமல்வரை போகத் தேவைப்படவில்லை. பழைய சீட்டுகளைப் புதிய நிரலில் மறுபடி ஓட்டி, ஒரு ரூபாய் குறைந்தவர்களின் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த முறை சரக்கு கொண்டுவந்தபோது மண்டிக்காரர் அதைச் சேர்த்துக் கொடுத்தார். சீட்டின் அடியில் இப்போது ஒரு வரி அச்சாகிறது: ‘50 பைசாவும் அதற்கு மேலும் 1 ரூபாயாகக் கணக்கிடப்படும்.’